திரும்பிப் பார்க்கக் கூடாத மலை

எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் விடியற்காலையிலேயே செய்திகள் வரத் தொடங்கிவிடும். இன்று பால் தாமதமாகும், தொட்டி நிரம்பிவிட்டது மோட்டாரை நிறுத்துங்கள் என்பது போல. மாதத்துக்கு ஒருமுறையாவது அவற்றோடு சேர்ந்து, அதே சாவதானத்தோடு, சிறுத்தை வந்திருக்கிறது என்றும் ஒரு செய்தி இருக்கும். கீழே யார் வீட்டுக் கேமராவிலோ பதிந்த படம். காம்பவுண்டுச் சுவர் மேல் நடந்து போகிற சாம்பல் நிற நீள உடம்பு. அதற்கு எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடக்கப் போய்விடுவார்கள். மைசூருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தக் கட்டைவிரல் எனக்கு இன்னும் பழகவில்லை.

நான் கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் கோயில் கோபுரம், அதை விட்டால் வைக்கோல்போர். கணவருக்கு ரயில்வேயில் வேலை, மாற்றலில் வந்தோம். அவருக்கு இந்த ஊர் வந்த வாரமே பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என்னையும் மகளையும் கிளப்பிவிடுவார்: அரண்மனை, குக்கரஹள்ளி ஏரி, காரஞ்சி ஏரி, ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை. அவர்கள் இருவரும் பறவையைப் பார்ப்பார்கள், நான் புதரைப் பார்ப்பேன். கோட்டைக்குக் கீழே ஓடுகிற காவிரியைப் பார்த்தால் எனக்கு வேறு பயம். எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வருகிற அதே தண்ணீர்தான், ஆனால் அதை அங்கே வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். தண்ணீர்ப் பேச்சு செய்தியில் சூடாக ஓடுகிற நாட்களில் மகளிடம், "அம்மான்னு கூப்பிடு, அது ரெண்டு பாஷைக்கும் பொது. அதுக்கு மேல வெளியில தமிழ் பேசாதே" என்று சொல்லியே கூட்டிப்போவேன். இந்த ஒன்பது வருஷத்தில் ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பயம் அதையெல்லாம் விசாரித்துக்கொண்டா வருகிறது?

இப்படிப்பட்ட நான் சாமுண்டி மலைக்குப் படி நேர்த்தி வேண்டிக்கொண்டேன் என்றால் அதற்குக் காரணம் மகள் தர்ஷினி. இரண்டு வருஷத்துக்கு முன்பு, அவளுக்குப் பதினான்கு வயதில், டெங்கு வந்தது. நாலாம் நாள் டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரி ஜன்னலில் மலை தெரிந்தது. ஊரிலிருக்கிற மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று முதலில் வேண்டிக்கொண்டேன். அவள் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து சேருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? பக்கத்திலேயே இருக்கிறவளிடமும் சொல்லிவைத்தேன். இங்கே பெண்கள் மலையின் ஆயிரம் படிக்கும் ஒவ்வொன்றாகக் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். அதை நானும் செய்கிறேன் என்றேன். பிள்ளை பிழைத்தாள். பால்குடம் அடுத்த பங்குனியிலேயே எடுத்தாயிற்று. படி நேர்த்தி மட்டும் நின்றது. அந்தப் படிகளுக்கு இரண்டு பக்கமும் காடு.

எதிர் வீட்டு மாதேவி என்னைவிடச் சின்னவள், ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். யானையும் சிறுத்தையும் நடக்கிற பூமியில் பிறந்தவள். அவளுக்கு என் பயம் ஒரு வேடிக்கை. "ஏனுங்க்கா, சிறுத்தைக்குப் பயந்துட்டா நேர்த்திய நிறுத்தி வெச்சிருக்கறீங்க? எங்க மாதேஸ்வரன் சாமியே புலி மேல ஏறித்தானுங்க வருது" என்பாள். சிரித்துவிடுவேன். ஆனால் என் சித்தியின் கதையை அவளிடம் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் பால்குடம் எடுப்பவர்கள் குடத்தை நடுவில் இறக்கக் கூடாது, பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது சித்தி குடம் எடுத்தாள். கூட்டத்தில் பின்னாலிருந்து அவள் பையன் அழுத சத்தம் கேட்டுத் திரும்பினாள், அவ்வளவுதான். ஒரு கை பால் தரையில் சிந்தியது. அந்த வருஷமே பையனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு காது கேட்காமல் போயிற்று. காய்ச்சலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் ஊர் சித்தியைத்தான் சொன்னது. அவளும் சாகிறவரை தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். நான் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பாமலேயே பயப்பட முடியும் என்பதற்கு நானே சாட்சி.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் நின்றோம். கணவருக்கு வேலை நேரம். தர்ஷினி மட்டும் கூட வந்தாள். வெள்ளிக்கிழமை போயிருந்தால் கூட்டம் இருந்திருக்கும். எனக்குக் கூட்டமும் பயம், அதனால் ஆளில்லாத நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த புத்திசாலி நான். தட்டில் மஞ்சள், குங்குமம். முதல் படியில் வைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். தட்டை இறக்கவில்லை, திரும்பவில்லை. தர்ஷினி தண்ணீர் பாட்டிலும் மீதிக் குங்குமப் பொட்டலமுமாகப் பத்துப் படி பின்னால் வந்தாள். "அம்மா, தண்ணி?" என்றாள். தலையை ஆட்டினேன். "இடுப்பு நோவுதா?" அதற்கும் தலையை ஆட்டினேன். அவள் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் காதைப் பின்னால் வைத்திருந்தேன்.

ஐந்நூறு என்று பெயின்டில் எழுதிய படியைத் தாண்டியிருப்பேன். கீழே விசில் சத்தம். தொடர்ந்து ஒரு ஆண் குரல்: "நில்லி! மேலே ஹோகபேடி! சிரதே இதெ!" நில்லுங்கள், மேலே போகாதீர்கள், சிறுத்தை இருக்கிறது. குரல் கீழேயிருந்து வந்ததால் சிறுத்தையும் கீழேதான் என்று எடுத்துக்கொண்டேன். "அம்மா, நில்லு!" என்றாள் தர்ஷினி. நான் நிற்கவில்லை. இன்னும் வேகமாகக் குனிந்து வைத்தேன். மஞ்சள், குங்குமம், அடுத்த படி. "அம்மா!" என்று இன்னொரு முறை, கொஞ்சம் தூரத்தில். படி ஒரு வளைவில் திரும்பியது. அதற்குப் பிறகு செருப்புச் சத்தம் இல்லை.

நாலு படி வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மரத்தில் குரங்குகூடச் சத்தம் போடவில்லை. நேர்த்தி யாருக்காக? பின்னால் வருகிறவளுக்காக. திரும்பினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும். திரும்பாமல் போனால், இப்போதே அவளுக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறதோ! சித்தி எப்படித் திரும்பினாள் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். யோசித்தெல்லாம் திரும்பவில்லை அவள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தட்டைப் படியில் வைத்தேன். திரும்பினேன். வளைவு வரை வெறும் படி. பிள்ளை இல்லை.

"தர்ஷினி! அடியே தர்ஷினி! எங்கடி இருக்கே? ஒரு குரல் குடுடி!" காடே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு இறங்கினேன். ஒன்பது வருஷமாகத் தெருவில் அடக்கி வைத்திருந்த தமிழ் அத்தனையும் அந்த ஐம்பது படியில் கொட்டிப்போயிற்று.

வளைவுக்குக் கீழே பதினைந்து இருபது பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் வனக்காவலர் ஒருவர், அவர் பிடியில் என் மகள். சிறுத்தையைப் பார்த்தது மேலே என்று அவருக்குப் போன் வந்திருக்கிறது. கீழே எல்லோரும் பத்திரமாக நின்றிருக்க, தனியாக அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். "ஏனம்மா, கிவி கேள்சல்வா நிமகெ?" காது கேட்காதா உங்களுக்கு என்று காவலர் என்னைத் திட்டினார். முன்பின் தெரியாத ஒரு பெண், "ஹெதர்பேடி, ஹெதர்பேடி" பயப்படாதீர்கள் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தர்ஷினி அழுதுகொண்டே கத்தினாள்: "எஷ்டு சல, எத்தனை தடவ கூப்ட்டேன் தெரியுமா? ஓடி வரப் பாத்தேன், இவர் விடல. நீ ஏன்மா திரும்பவே இல்ல?"

முக்கால் மணி நேரம் கழித்து எல்லோரையும் ஒரே கூட்டமாக மேலே அனுப்பினார்கள், காவலர் முன்னால் போனார். என் தட்டு கவிழ்ந்து கிடந்தது. சிந்திய மஞ்சளை ஏதோ மிதித்து, அடுத்த படியிலும் தடம் பதித்துவிட்டுப் புதருக்குள் போயிருந்தது. காவலர் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தார். பிறகு "நாயி" என்றார். மீதிப் படிகளுக்குத் தர்ஷினிதான் குங்குமம் வைத்தாள், அந்தப் பெண்ணோடு கன்னடத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே. நான் பின்னால் ஏறினேன், ஒவ்வொரு படிக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

மாதேவியிடம் அன்றைக்குத்தான் சித்தி கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அட, ஏனுங்க்கா! இங்கெல்லாம் பாதியில உக்காருவாங்க, தண்ணி குடிப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, அப்புறம் உட்ட படியிலிருந்து வெப்பாங்க. திரும்பக் கூடாதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அந்த ஊர்ச் சட்டத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து இந்த ஊர் அம்மனுக்குப் போட்டுவிட்டேன். திரும்பியதால்தான் உயிரோடு இருக்கிறேன் என்கிறாள் மாதேவி. இருக்கலாம். ஆனாலும் தர்ஷினி ஒரு தும்மல் போட்டால் என் கை அவள் நெற்றிக்குப் போகிறது. பிறகு காதோரம் மெல்ல அவள் பெயரைச் சொல்லிப் பார்க்கிறது வாய். கேட்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த வேலை.

எங்கள் மொட்டைமாடியிலிருந்து மலை தெரியும். தினமும் காலையில் துணி காயப்போடுவதற்கு முன் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறேன். சாமுண்டிக்கு நல்ல பக்தை என்று தெருவில் எனக்குப் பெயர் வந்திருக்கிறது. என் ஊரும் அதே திசைதான், மலைக்குப் பின்னால் எங்கேயோ. மன்னிப்புக் கேட்க வேண்டியது மலை மேல் இருப்பவளிடமா, மலைக்கு அப்பால் இருக்கிற மாரியம்மனிடமா என்று எனக்கே தெரியவில்லை. கையைக் குவித்தபடி நிற்கிறேன். இவள் அவளுக்கென்றும் அவள் இவளுக்கென்றும் நினைத்து, இரண்டு பேருமே வாங்கிக்கொள்ளாமல் விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.