சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் பார்த்த ராஜாமணி அக்கா

சேகர் போன் செய்தபோது நான் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். சேகர் ராஜாமணி அக்காவின் ஒரே மகன், புதுச்சேரியில் வேலை. பத்து நாளுக்கு முன் அக்கா மயங்கி விழுந்ததும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். "சித்தி, அம்மா காலைல போயிட்டாங்க" என்றான். "சரிப்பா" என்றேன். சொல்லிவிட்டு மிச்சத் துணியையும் கோடு தவறாமல் வெட்டி முடித்தேன். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பக்கத்துப் பட்டினத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வாயைத் தெரியும், சாவு வீட்டிலும் யாரையாவது கேலி பண்ணிச் சிரிக்க வைத்துவிடுவேன். படத்திறப்பன்று கொடுக்கும் நினைவு மலரில் நீதான் எழுத வேண்டும் என்று அக்காவின் ஊரான போலகத்துக்காரர்கள் சொன்னபோது, சிரிக்கச் சிரிக்க எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்ற ராஜாமணி அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவர் வீட்டுக் கதவு ஏன் சாத்தியிருந்தது என்று பலருக்குத் தெரியாது. உள்ளே நாங்கள் இரண்டு பேரும் கொலை பார்த்துக்கொண்டிருந்தோம்.

சேகர் எப்போதோ பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த பழைய இங்கிலீஷ் படங்கள். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பெரிய வீடு, நாய், தோட்டம், கம்பளத்தில் மடிப்புக் கலையாமல் ஒரு பிணம். போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். ஓரத்தில் ஒரு கிழவி, இல்லாவிட்டால் மீசை நரைத்த ஒரு கிழவர், யாரும் கேட்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கடைசியில் கண்டுபிடிப்பதும் அவர்தான். பிணத்தை எடுப்பதற்குள் டீ வந்துவிடும். "இவங்க ஊர்ல கொலைய வுட டீதாண்டி முக்கியம்" என்று அக்கா எழுந்துபோய் எங்களுக்கும் போட்டுக்கொண்டு வருவார். அந்தப் படங்களில் ரத்தமும் கிடையாது, அழுகையும் கிடையாது. எல்லாக் கேள்விக்கும் கடைசியில் பதில் உண்டு. அதற்காகத்தான் பார்த்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் டிவியில் சத்தம் போய்விட்டது. நான் நிறுத்தப் போனேன். "இருடி, ஓடட்டும்" என்றார் அக்கா. அரைமணி நேரத்தில் கொலைகாரன் யார் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. டிவி சரியான பிறகும் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்போம், ஆளைக் குறித்துக்கொள்வோம், பிறகு சத்தம் வைத்து மறுபடி பார்ப்போம். எங்களுக்கு இங்கிலீஷ் அரைகுறை என்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. "வாய் பொய் சொல்லும்டி, கை சொல்லாது. கையப் பாரு" என்பார். நானோ சத்தமில்லாத படத்துக்கு நானே வசனம் பேசுவேன். கிழவியை நம் தெருப் பேச்சில் பேசவைப்பேன். "நீ வாய மூடாத வரைக்கும் உனக்குக் கொலகாரன் கிடைக்க மாட்டான்" என்பார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி.

ஒரே ஒரு தடவை நான் ஜெயித்தேன். கறுப்பு வெள்ளைப் படம். ஒருவன் கோட்டில் மூன்றாவது பொத்தான் மட்டும் குறுக்குத் தையல், மற்றதெல்லாம் நேர்த் தையல். "அது வேற கை தைச்சதுக்கா! அவந்தான்!" என்று கத்தினேன். அவனேதான். அக்கா எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். "இன்னிக்கு நீதாண்டி கெழவி" என்றார். எனக்கு ஒருவர் கொடுத்த ஒரே பட்டம் அது.

தெருவிலும் அவர் அப்படித்தான். எதிர்வீட்டில் தோடு காணாமல் போய், வேலைக்கு வரும் பெண்மேல் பழி விழுந்தது. அக்கா அந்த வீட்டம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "மாவு அரைக்கறப்ப கழட்டி வப்பியே, கிரைண்டர் பக்கத்துல இருக்கற உளுந்து டப்பாவுல ஒரு தடவ பாரேன்" என்று மட்டும் சொன்னார். தோடு கிடைத்தது. ஊர்முன் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். "கண்டுபிடிக்கறது பெருசில்லடி. அடுத்தவங்க மூஞ்சி தொங்காம சொல்லணும்ல."

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று மூன்று நாள் யோசித்தேன்.

போன தீபாவளிக்கு அக்கா கடைக்கு வந்தார். டேப்பை எடுத்தேன். "அதெல்லாம் வேணாண்டி. அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கேன், அதப் பாத்துத் தையி" என்றார். இருபது வருஷமாக அவருக்கு நான்தான் தைக்கிறேன். ஒருநாளும் அளவு ஜாக்கெட் கொண்டுவந்ததில்லை.

"ஏங்க்கா, என் கைமேல நம்பிக்க போயிடுச்சா?"

"உன் கை நல்ல கைதான். வாய்தான் சரியில்ல."

போகும்போது வாசலில் நின்று, "இடது அக்குள் பக்கம் மட்டும் கொஞ்சம் லூசா வுடு" என்றார்.

"அது என்னக்கா ஒரு பக்கம் மட்டும்?"

"பாரிஸ்ல இப்ப இதாண்டி பேஷன். பிரெஞ்சுக்காரன் பென்ஷன் வாங்கறவங்க ஊட்டுல கேட்டுப் பாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். பொங்கலுக்கு அதே ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இரண்டு இஞ்ச் பிடிக்க வேண்டும், இடது அக்குளை இன்னும் தளர்த்த வேண்டும் என்றார். நான் விடுவேனா?

"ஒடம்பு எளைக்குது, அக்குள் மட்டும் பெருக்குதா?" என்றேன்.

அக்கா சிரித்தார். அன்று அந்தச் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. நான் பிடித்தும் தளர்த்தியும் தைத்துக் கொடுத்தேன்.

மார்பில் கட்டி, அக்குள் வரை பரவியிருக்கிறது, வந்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும், முதலிலேயே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். சேகர் இதைச் சொன்னது சாவு வீட்டுப் பந்தலில். அந்தப் படங்களில் கடைசியில் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, கிழவி எழுந்து நின்று நடந்ததைச் சொல்வாள். அன்று பந்தலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எழுந்து சொல்ல வேண்டியவர் உள்ளே மாலையோடு கிடந்தார். சேகர் என் பக்கம் திரும்பி, "வாராவாரம் கூடவே இருந்தீங்களே சித்தி, உங்களுக்குக்கூடவா ஒண்ணும் தெரியல?" என்றான். "தெரியலப்பா" என்றேன்.

சேகர், அது பொய். கோட்டுப் பொத்தானில் தையல் மாறியதைக் கண்டுபிடித்தவள் நான். உன் அம்மா உடம்பு மாறியதை இரண்டு தடவை என் கையாலேயே தைத்தேன். விடையை என் வாயாலேயே சொன்னேன். கேலியாகச் சொன்னதால் எனக்கே கேட்கவில்லை. யாரிடமாவது அக்கா சொல்ல நினைத்திருந்தால் அது என்னிடம்தான், சொல்ல வந்த இடத்தில் நான் வேடிக்கை பண்ணினேன். சொல்லத்தான் வந்தாரா, மறைக்க வந்தாரா என்பதும் எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நீ என்னோடு பேசாமல் போனாலும் நான் கேட்க மாட்டேன்.

கடையில் இப்போதும் கேலி பேசுகிறேன், பழக்கதோஷம். சிரிப்பு வருகிறதா என்று ஆளின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பொங்கல் நாளில், நான் கேலியைச் சொல்லி முடித்ததற்கும் அவர் சிரித்ததற்கும் நடுவிலிருந்த அந்தச் சின்ன நேரம். அதில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.