கெண்டைக்காலில் விழுந்த பிடி

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது அவர் வேலை. இருபத்தாறு வருட நடை. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர்தான்.

ஐம்பத்து மூன்றாம் வயதில் ஒரு காலை, மருந்துக்கடையைத் தாண்டும்போது வலது கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. நின்றார். மூன்று நிமிடத்தில் விட்டது. நடந்தார், கிட்டத்தட்ட அதே தூரத்தில் மறுபடி அதே பிடி. அவர் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டே வருடத்தில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. வலி வந்தால் எதிரில் இருக்கும் கடையை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றுகொள்வார். ஒருநாள் வளையல் கடை முன்னால் நின்றவர் மனைவியின் கண்ணில் பட்டார்.

"இங்க என்ன வேலை உங்களுக்கு? யாருக்கு வளையல்?"

"என் கால் போகப்போகுதுடி" என்று நடுத்தெருவிலேயே உடைந்துபோனார்.

மறுநாள் மனைவி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். மருத்துவர் அம்மா கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். கணுக்காலில் மிகவும் குறைவு.

"சும்மா இருக்கும்போது தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். நடந்தா பல மடங்கு கேட்கும். உங்க கால் ரத்தக்குழாய் அடைச்சுச் சுருங்கியிருக்கு, அவ்வளவு அனுப்ப முடியல. அதான் வலி."

"வெட்டணுமா?"

"இப்ப அந்தப் பேச்சே இல்ல. சிகரெட்டை இன்னையோட விடுங்க. மாத்திரை போடுங்க. தினமும் நடங்க. வலி நல்லா ஏறினதும் நில்லுங்க, விட்டதும் மறுபடி நடங்க."

வலிக்கிற காலை வேண்டுமென்றே வலிக்க வைப்பதா?

பூங்காவில் மனைவியும் கூடவே நடந்தாள். முதல் நாள் நூற்றைம்பது அடிதான். வலி ஏறும்போதெல்லாம் உள்ளே ஏதோ அறுந்துவிடும் என்று அவள் கையை இறுக்கிக்கொள்வார். மூன்றாம் வாரம் நாற்காலியை விட்டு எழ மறுத்தார்.

"உங்கண்ணனும் பயந்து இப்படித்தான் உட்கார்ந்தாரு" என்றாள். அவர் செருப்பை மாட்டினார்.

நான்காம் மாதம் நிற்காமல் ஒரு முழுச் சுற்று வந்தார்.

"அடைப்பு போயிடுச்சாம்மா?" என்று மருத்துவரிடம் கேட்டார்.

"இல்ல. கிடைக்கிற ரத்தத்தை வச்சு வேலை செய்யத் தசை பழகியிருக்கு. விட்டுடாதீங்க."

அவர் விடவில்லை. வேலைக்கும் போகிறார். ஆனாலும் தினமும் குளித்ததும் வலது கால் பெருவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பார். வெளுத்த இடத்தில் சிவப்பு திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.