வெளுத்த படத்தில் இருந்த பொட்டு

புருஷன் செத்து நாற்பத்தோராவது நாள், ஜோதிலட்சுமி நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு வந்து கோம்பை கடைவீதியில் ஸ்டுடியோவின் ஷட்டரைத் தூக்கினாள். வீதியே வாயைப் பிளந்து பார்த்தது. பார்க்கட்டுமே! பதினாலு வருஷம் விஜய்ராஜோடு சரிக்குச் சரியாக நின்று கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று படம் எடுத்தவள் அவள். ஆல்பத்தை வடிவமைத்தவளும் அவளே. அவன் மாரடைப்பில் போய்விட்டான் என்பதற்காக இவளும் கேமராவைக் கீழே வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார வேண்டுமா என்ன?

ஊர் அப்படித்தான் நினைத்தது. "நீங்க நல்லாத்தேன் படம் எடுப்பீக. ஆனா தாலி கட்டுற நேரத்துல எதுக்க நீங்க வந்து நின்னா..." என்று இழுப்பார்கள். மிச்சத்தைச் சொல்ல ஒருத்தருக்காவது தைரியம் வேண்டுமே, கிடையாது! முகூர்த்த ஆர்டர் ஒவ்வொன்றாகக் கழன்றது. பத்திரிகை, ஃப்ளெக்ஸ், திராட்சைப் பெட்டிக்கு லேபிள் என்று கம்ப்யூட்டர் வேலைதான் மிஞ்சியது. மண்டபக்காரர் முத்துராஜா மட்டும், முகூர்த்தத்துக்கு வேண்டாம், மாலை வரவேற்புக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விஜய்ராஜ் போன இந்த எட்டு வருஷமாக அவள் அடுப்பு பாதி எரிந்தது அந்த வரவேற்புகளால்தான்.

இதற்கு நடுவில் அவள் பிடித்துக்கொண்ட வேலை, பழைய கலர் படங்களைச் சரிசெய்வது. அந்தக் காலத்து கலர் பிரிண்டுக்கு ஒரு வியாதி உண்டு. நீலமும் பச்சையும் முதலில் ஓடிவிடும். வானம், வயல், ஆள் எல்லாம் செம்மண்ணில் புரண்டு எழுந்தது போல் ஆகிவிடும். போனில் ஏதோ ஒரு ஆப்பில் போட்டால் நொடியில் கலர் வருகிறது, கூடவே யாரோ ஒருத்தியின் மூஞ்சியும் வருகிறது! ஜோதிக்கு அந்தக் கூத்து ஆகாது. "படத்துல இருக்கிற சாமான் ஏதாச்சும் வீட்டுல கெடந்தாக் கொண்டாங்க" என்பாள். சேலையோ, குடமோ, கம்மலோ, எதுவானாலும் சரி. அதை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, அந்த ஒரு நிறத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டு மற்ற நிறங்களை அதன் பின்னால் இழுத்து வருவாள். ஒரு படத்துக்கு ஒரு வாரம் ஆகும்.

போன தை மாதம் முத்துராஜாவின் தாயார் கஸ்தூரியம்மாள் ஒரு படத்தோடு வந்தாள். சுருளி அருவிக்குப் போனபோது எடுத்தது. இருபத்துநாலு வயசுப் பெண், அருவி, பாறை, எல்லாம் ஒரே சிவப்பு.

"ஏத்தா ஜோதி, இதச் சரிபண்ணி எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எடுத்து வையி."

"என்னக்கா பேச்சு இது? ஒங்களுக்கு ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்கேன். எங்க நாத்தனா செத்தாள்ல, அவளுக்கு ஆதார் அட்டை படத்தப் போட்டு ஒட்டுனாக. கோழி திருடி மாட்டுனவ கணக்கா முழிச்சிக்கிட்டு நிக்கிறா, பாவி மக. அந்தக் கதி எனக்கு வேணாம்."

ஜோதி சிரித்துவிட்டாள். மறுநாளே கஸ்தூரியம்மாள் படத்தில் உடுத்தியிருந்த சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெளிமடிப்பு வெளுத்திருந்தது, உள்மடிப்பு மட்டும் பளிச்சென்று கடுகு மஞ்சள். அந்த மஞ்சளை வைத்து ஜோதி வேலையைத் தொடங்கினாள். நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, நெற்றியின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. பச்சையை மட்டும் பிரித்துப் பார்த்தால் சிவப்பு கறுப்பாகத்தான் விழும்; குங்குமப் பொட்டு! முகமே சிவந்துபோனதில் அது முகத்தோடு முகமாகக் கலந்து கிடந்திருக்கிறது. முகத்தின் நிறம் திரும்பி வர வர, பொட்டு தானாக எழுந்து வந்தது.

கஸ்தூரியம்மாளைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினாள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தேன் இருந்திருக்கேன்" என்றாள். "ஒருத்தரும் சொல்லவே இல்லையே."

விஷயம் மண்டபம் வரைக்கும் போயிற்று. இரண்டாம் நாள் முத்துராஜா வந்து நின்றார்.

"அக்கா, அந்தப் பொட்ட எடுத்துருங்க. எங்கப்பா போயி இருபத்தேழு வருசமாச்சு. பொட்டோட போஸ்டர் ஒட்டுனா நாலு பேரு காறித் துப்புவாக."

"நான் வைக்கல தம்பி. படத்துல இருந்தது."

"எங்க இருந்தது? இத்தன வருசம் யாரு கண்ணுக்குத் தெரிஞ்சது? தெரியாம இருந்தத நீங்கதேன் நோண்டி எடுத்திருக்கீக. விட்டிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல."

மண்டபம் கைவிட்டுப் போய்விடுமோ என்று ஜோதிக்குப் பயம்தான். மாசியில் நாலு வரவேற்பு இருந்தது. பொட்டை அழிக்க எத்தனை நேரம் ஆகும்? இரண்டு நொடி. ஆனால் அந்த மனிதர் பேசும்போதே அவர் கண் இவள் நெற்றிக்கு வந்து வந்து போனதைக் கவனித்தாள். பயம் போய்ப் பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"ஒங்கம்மா வந்து அழின்னு சொன்னா அழிக்கிறேன். நீங்க சொல்லி அழிக்க மாட்டேன்."

"அப்ப இனிமே மண்டபத்துப் பக்கம் வராதீக."

"வரல தம்பி. போயிட்டு வாங்க."

சாயங்காலம் கஸ்தூரியம்மாளிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள்.

"நீ அழிக்க மாட்ட. சரி. நான் செத்த அன்னைக்கு அவன் வேற ஆளு வச்சு அழிச்சிருவான்ல?"

"அழிப்பாரு."

"கெடையில பொணமாக் கெடந்துக்கிட்டு நான் எந்திரிச்சு வந்து கேக்கவா முடியும்? அதனால இப்பவே ஒட்டிருவோம்."

"உசிரோட இருக்கும்போதா? என்னன்னுக்கா எழுதுறது? பொறந்தநாள் வாழ்த்தா?"

"என்னைக்குப் பொறந்தேன்னு யாருக்குத் தெரியும்? பேரப் போடு. ஊரப் போடு. கீழ 'நலமாக இருக்கிறேன்'னு போடு. பொய்யா, என்ன?"

ஜோதி அன்றைக்கே வடிவமைத்து அனுப்பினாள். தேனி அச்சகத்துக்காரர் போன் போட்டு, இரங்கல் வாசகம் விட்டுப்போச்சே என்று இரண்டு தடவை கேட்டார். "விட்டுப்போகல, அப்படியே அடிங்க" என்றாள் ஜோதி. நாற்பது போஸ்டர் வந்தது.

காலை ஒன்பது மணிக்கு, கடைவீதி நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு பெண்களும் மைதா பசை வாளியோடு இறங்கினார்கள். முதல் போஸ்டர் மண்டபத்துச் சுவரில். ஆட்கள் போஸ்டரைப் பார்த்தார்கள், கீழே நின்ற அம்மாளைப் பார்த்தார்கள், மறுபடி போஸ்டரைப் பார்த்தார்கள். அங்கே கடுகு மஞ்சள் சேலையும் பெரிய பொட்டும். இங்கே வெறும் நெற்றி. வைப்பதும் வைக்காததும் அவள் இஷ்டம், யாருக்கு என்ன வந்தது?

முத்துராஜா ஓடி வந்தார். "எலே, கிழிங்கடா அத!" என்று காவல்காரர் தங்கப்பாண்டியனைப் பார்த்துக் கத்தினார்.

தங்கப்பாண்டியன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அம்மா மொகமுய்யா அது. உசிரோட நிக்கிறாக. நான் எப்படிக் கிழிப்பேன்?"

கஸ்தூரியம்மாள் மகனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"நீ கிழிடா. பெத்தவ நெத்தியில நகத்த வச்சுக் கிழி. எல்லாரும் பாக்கட்டும்."

முத்துராஜா கையைத் தூக்கினார். பசை இன்னும் காயவில்லை, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். தூக்கிய கை அப்படியே நின்றது. அந்தப் பொட்டைத் தாண்டி, இருபத்துநாலு வயசுத் தாயின் முகத்தை அவர் அப்போதுதான் பார்த்தார் போல. கையை இறக்கினார். மண்டபத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கஸ்தூரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணையும் சேர்த்துத்தான். பிறகு குனிந்து பசை வாளியைத் தூக்கினாள்.

"வா ஜோதி. இன்னும் முப்பத்தொம்போது இருக்கு."