விமானத்தின் வாலில் என் மீன்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவளுடைய தம்பி, என் மச்சான். பக்கத்து வளவுச் சம்மாட்டியார். எல்லாரும் மச்சானின் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விமானம் ஓட்டும் விளையாட்டு அது. விமானம் வெறும் வெள்ளையாகத்தான் வருமாம். விமானக் கொம்பனியின் நிறத்தையும் சின்னத்தையும் ஆட்கள் தாங்களே வரைந்து போடுவார்களாம். வரைந்ததை இன்டர்நெட்டில் விட்டால் ஊர் உலகத்தில் உள்ளவர்கள் எடுத்து ஓட்டுவார்கள். காசு இல்லை. பெயர்தான்.

மச்சான் ஒரு வெளிநாட்டுக் கொம்பனியின் சிவப்புப் பறவையை வாலில் போட்டிருந்தான்.

"அச்சு அசலா இருக்குடா தம்பி," என்றார் சம்மாட்டியார்.

அவருடைய வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிப்பவன் நான். அந்தச் சொல்லை எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. மனைவி முதல் தேத்தண்ணியைத் தம்பிக்குக் கொடுத்தாள்.

"அந்தக் கொம்பனியிட்ட கேட்டியா?" என்றேன்.

"என்ன கதை அத்தான்? விளையாட்டுக்கு ஆர் கேக்கிறது?"

"இவருக்கு எல்லாம் வள்ளம்தான்," என்றாள் மனைவி. சிரித்தார்கள்.

எங்கள் கரையில் ஒரு வள்ளத்தின் சின்னத்தை இன்னொருவர் போடுவதில்லை. வேண்டுமென்றால் வெற்றிலையோடு வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்வதும் இல்லை. சம்மாட்டியாருக்கும் இது தெரியும். அன்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

கொஞ்ச நாளில் கொம்பனியிடமிருந்து மச்சானுக்குச் செய்தி வந்தது. தங்கள் சின்னத்தை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். பிறகு அவன் அனுமதி கேட்டு எழுதினான். தர மாட்டோம் என்றார்கள். விமானத்தை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிட்டான். முகம் தொங்கிப் போயிருந்தது. அன்று மத்தியானம் நான் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை வள்ளத்தடிக்கு வந்தான். கையில் வெற்றிலை.

"அத்தான், உங்கட சூரை மீனை நான் வாலில போடட்டா?"

என் வள்ளத்தில் இருக்கும் மீன் அது. நீல முதுகு, மஞ்சள் கண். நானே யோசித்து வரைந்தது. வேறு ஒருவருக்கும் வரைந்து கொடுத்ததில்லை.

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவன் வெற்றிலையை நீட்டிக்கொண்டே நின்றான். சிரிக்கவில்லை. நான் ஒன்றை எடுத்தேன்.

"கண்ணை மாத்தாதே," என்றேன்.

"மாத்த மாட்டன்."

மாற்றவில்லை. சம்மாட்டியார் திரும்பவும் வந்து பார்த்தார். விமானம் முகிலுக்குள் போய் வந்தது. வாலில் என் மீன், வெயிலில் மினுங்கிக்கொண்டு.

"உன்ர கை கைதான்டா," என்றார் மச்சானிடம்.

"அது அத்தான்ர மீன்," என்றான் அவன்.

"ஓம், ஓம். விமானத்தில பாக்கத்தான் வடிவு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கொம்பியூட்டரைப் பார்த்தேன்.

"எத்தனை பேர் எடுத்திருக்கினம்?" என்று கேட்டேன்.

"இண்டைக்கு வரைக்கும் அறுநூற்றிப் பதினேழு, அத்தான்."

தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கரைக்குப் போனேன். வள்ளங்கள் எல்லாம் ஏற்றிக் கிடந்தன. இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரை நடந்து பார்த்தேன். என் மீன் உள்ள வள்ளம், ஒன்று.