ஆடுகளைத் திரும்ப அழைக்கப் போனேன்

எண்பதுகளின் கடைசியில் ஊரப்பாக்கத்தில் ஒரு மனை வாங்கினோம். வீடு கட்ட வசதி வரும்வரை சும்மா கிடக்கட்டும் என்று என் கணவர் சொன்னார். நான் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ரயிலேறி மனையைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு ஞாயிறு போனபோது, நான் நட்டிருந்த ஆறு தென்னங்கன்றுகளும் மொட்டையாக நின்றன. உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆடுகள். மேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். ஏரிக்கரையில் குடியிருப்பவள்.

"இனிமே இந்தப் பக்கமே வராதீங்க" என்றேன். அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். மறுவாரமே கம்பிவேலி போட்டோம்.

அடுத்த மழைக்குப் பிறகு மனைக்குள் கால் வைக்க முடியவில்லை. இடுப்பளவுக்கு முள்ளும் கொடியும். ஆள் வைத்து வெட்டினோம். இரண்டே மாதத்தில் பழையபடி வளர்ந்துவிட்டது. அவள் ஆடுகள் மேய்ந்த பக்கத்து மனையிலோ குட்டைப் புல் பச்சையாகப் படர்ந்திருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காததுபோலப் பல மாதம் இருந்தேன். பிறகு வெட்கத்தை விட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"இன்னா டீச்சர், இவ்ளோ தூரம்?"

"ஆடுங்களை எங்க மனையில விட முடியுமான்னு கேக்க வந்தேன்."

"வுடறேன். ஆனா ஒரே எடத்துல நாலு நாளைக்கு மேல மேய வுட மாட்டேன். வேரு போய்டும். புல்லு தல தூக்குற வரிக்கும் நீங்க கூப்ட்டாலும் வர மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். முள்ளை வெட்டிப் போட்டு மனையை மூன்றாகத் தடுத்தாள். ஆடுகள் கொடிகளைத் தின்று தீர்த்தன. புழுக்கை மண்ணோடு மிதிபட்டது. மழை வந்ததும் புல் வந்தது. கூடவே நூற்றுக்கணக்கில் கருவேலங்கன்றுகளும் முளைத்தன. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"காயத் தின்னுதுங்க, கொட்டைய இங்க போட்டுச்சுங்க" என்றாள். "மண்ணு ஈரமா கீது. இப்பவே புடுங்கிடலாம்."

மதியம்வரை இருவரும் குனிந்து பிடுங்கினோம். நடுவில் அவளே சொன்னாள்: "அன்னிக்கு உன் தென்னங்கன்ன தின்னது என் தப்புதான் டீச்சர். கண்ணசந்துட்டேன்."

"நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவள் 'உன்' என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூறுகளில் வீடு கட்டியபோது மனையின் பின்பாதியை மேய்ச்சலுக்கென்று கட்டாமல் விட்டோம். கொத்தனார் சிமென்ட் போட்டுவிடலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அடைமழையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும். எங்கள் பின்புறத்தில் மட்டும் சாயங்காலத்துக்குள் மண் குடித்துவிடும். ஆடுகளை எப்போது ஓட்டிவருவாள் என்று நான் கேட்டதில்லை. புல்லைப் பார்த்துவிட்டு அவளே வருவாள்.