இடது லைட்டில் தீர்த்தம்

நேற்றுப் பூசை முடிந்ததும் அம்மா என் காரை மந்திரிக்கச் சொல்லி ஃபாதரை அழைத்து வந்தார். மடுல்கெல்லப் பள்ளிக்கூடத்துக்கு நான் பனிமூட்டத்தில் ஓட்டிப் போவது அவருக்குப் பெரிய கவலை. ஃபாதரும் தாராளமாகவே தீர்த்தம் தெளித்தார்.

இரவு நல்ல மழை. காலையில் பார்த்தால் ஹெட்லைட் இரண்டுக்குள்ளும் நீர்த்துளிகள்.

"தீர்த்தம். தொடாத" என்றார் அம்மா.

வழக்கமாக என் காரைப் பழுதுபார்க்கும் ரிஸ்வான் நானாவை மடவளையிலிருந்து வரச் சொன்னேன். பொனட்டைத் திறந்து பார்த்தார்.

"பின்னுக்கு ரப்பர் மூடி ரெண்டும் வெடிச்சீக்கி, அன்ட்டி. மழத்தண்ணிதான் உள்ளுக்குப் போயிருக்கு."

"அப்ப ஃபாதர் தெளிச்சதும் போயிருக்கும்தானே தம்பி?"

நானா கொஞ்சம் யோசித்தார். "போயிருக்கும்தான்" என்றார்.

வலது லைட்டைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரை வடிகானில் கொட்டாமல் அம்மாவின் ரோஜாத் தொட்டியில் ஊற்றினார். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. என் ஹெயர் டிரையரால் காயவைத்து, புது மூடியும் போட்டார்.

இடது லைட்டுக்கு முன்னால் அம்மா நின்றுகொண்டார்.

"இதாவது இருக்கட்டும் தம்பி. அவ போற ரோடு அப்படி."

நானா தண்ணீரை உள்ளேயே விட்டு, மூடியை மட்டும் இறுக்கமாக மாற்றிவிட்டுப் போனார். இனி அது வெளியே வரவும் வழியில்லை.

ஆகவே எங்கள் அம்பிட்டிய இறக்கத்தில் ஒரு லைட் தெளிவாகவும் ஒரு லைட் மங்கலாகவும் ஒரு கார் வந்தால், அது நான்தான்.

எந்த லைட் என்னைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். யோசித்து எழுதுங்கள், கமெண்டுகளை அம்மாவும் வாசிப்பார்.