பின்வரிசைக்குப் பிந்தி வந்த பாட்டு

கலியாணம், பெருநாள் என்று சவுண்ட் சேர்விஸ் பெட்டிகளோடு திரிந்த என்னை, ஓலைத்தொடுவாய் மாதா கோயில் மண்டபத்துக்கு நடன ரீச்சர் கூப்பிட்டார். திருவிழாவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் ஆட வேண்டும்.

"பாட்டு சரியான வேகம், அண்ணை. மெதுவாப் போட்டா பாடுற பொம்பிளையின்ரை குரல் ஆம்பிளைக் குரலாப் போகுது" என்றார்.

அவருடைய லப்டொப்பில் ஒரு மென்பொருளைப் போட்டேன். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம். ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். பாட்டின் உண்மையான வேகத்தில் எழுபது வீதத்தில் தொடங்கி, பிள்ளைகள் பழகப் பழகக் கூட்டினோம்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கியதும், பக்கச்சுவர் இல்லாத அந்த மண்டபத்தில் பின்வரிசைக்குப் பாட்டுக் கேட்கவில்லை. முன்னால் வயரில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. பின்னால் புளூடூத்தில் இன்னொன்றை வைத்து, இரண்டுக்கும் ஒன்றாகப் பாட்டுப் போக வழிசெய்தேன். அவ்வளவு தூரம் வயர் இழுக்கப் பஞ்சி, வெறும் சோம்பல், அதுதான் உண்மை.

நூறு வீதத்துக்கு வந்த அன்று ஜெனிற்றா பிந்தத் தொடங்கினாள். உயரமான பிள்ளை என்பதால் பின்வரிசைக் கரையில் நிற்பவள். மெதுவான பாட்டுக்கு அச்சொட்டாக ஆடியவள், இப்போது ஒவ்வொரு அடிக்கும் மற்றவர்களுக்குப் பிறகே காலைத் தட்டினாள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்த ரீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வேகம் வந்தா உனக்கு ஏலாது, பிள்ளை. சலங்கையைக் கழட்டி வைச்சிட்டுப் போய்க் கதிரையில இரு."

"ரீச்சர், நான் பாட்டோடதான் ஆடுறன்."

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சும்மா இருக்காமல், "கொம்பியூட்டர் பிழை விடாது, பிள்ளை" என்று பெரிய மேதாவி போலச் சொன்னேன்.

அடுத்த பயிற்சியில், பின் ஸ்பீக்கரில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். பக்கத்துக் கதிரையில் ஜெனிற்றா, முழங்காலில் விரலால் தாளம் போட்டபடி இருந்தாள். அவள் விரலும் அந்த ஸ்பீக்கரும் இம்மியும் பிசகவில்லை. முன்வரிசையின் சலங்கைதான் இரண்டுக்கும் முந்திப் போனது.

அங்கே நின்றபோதுதான் விளங்கியது. புளூடூத்தில் போகும் பாட்டு கண் வெட்டும் நேரம் பிந்தித்தான் வரும். மெதுவான பாட்டில் அடிகளுக்கு நடுவே இடைவெளி கூட என்பதால் அது அவ்வளவாகத் தெரியவில்லை. வேகம் கூடியதும் அரைத்தாளம் அளவுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. பின்வரிசையின் மற்றப் பிள்ளைகள் முன்னால் நிற்பவர்களின் காலைப் பார்த்து ஆடிச் சமாளித்தார்கள். இவள் மட்டும் பாட்டைக் கேட்டு ஆடியிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பாட்டை நிறுத்தினேன். "ரீச்சர், பிள்ளையில பிழையில்லை. நான் வைச்ச ஸ்பீக்கர்தான் பிந்துது."

"என்ன அண்ணை சொல்லுறீங்கள்?" என்றவர், தானே வந்து அந்தக் கதிரையடியில் நின்று கேட்டார். பிறகு சலங்கையை எடுத்து ஜெனிற்றாவின் கையில் கொடுத்தார். நான் வயர் இழுத்தேன். முதல் அடியிலேயே அவள் மற்றவர்களோடு சேர்ந்துவிட்டாள்.

பயிற்சி முடிந்து போகும்போது என்னிடம் வந்தாள்.

"அங்கிள், நான் அண்டைக்கும் இதைத்தானே சொன்னனான்?"

"ஓம், பிள்ளை. நான்தான் கேக்கேல்லை" என்றேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் மென்பொருளை ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். ஆனால் பாட்டில் ஏதோ பிழை என்று ஆடுகிற பிள்ளை சொன்னால், திரையைப் பார்த்து மறுமொழி சொல்லாதீர்கள். எழுந்து போய், அவள் நிற்கிற இடத்தில் நின்று கேளுங்கள்.